சின்ன மரக் கட்டடத்துக்கு ஏன் இவ்வளவு ஆழக் குழி? கையால் தோண்டத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

சின்னதாக ஒரு மரக் கட்டடம் எழுப்ப நினைக்கிற எவருக்கும், அது தோட்டத்து அறையோ பட்டறையோ இரண்டு பேர் தங்கும் குடிலோ எதுவானாலும், அஸ்திவாரம் என்று வந்ததும் ஒரு சந்தேகம் எழும். கட்டடமே லேசு. அதற்கு எதற்கு இடுப்பளவுக்கும் மேலே ஆழமான குழிகள்? நாலு மூலையிலும் கல்லை வைத்து, மேலே உத்தரத்தைப் போட்டு வேலையை முடித்தால் நிற்காதா?

நிற்கும். முதல் வருஷம் நன்றாகவே நிற்கும். அப்புறம் பருவம் மாறும்போது கதவு சட்டத்தில் இடிக்கும், ஜன்னல் இறுகும், தரைப்பலகைகளுக்கு நடுவே சந்து விழும், ஒரு மூலை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மேலே போயிருக்கும். அடுத்த பருவத்தில் அது இறங்கும், ஆனால் பழைய இடத்துக்குச் சரியாக வந்து உட்காராது. இப்படி ஏறி இறங்கியே மூட்டுகள் தளர்ந்துபோகும்.

இதற்குக் கட்டடத்தின் எடை காரணமில்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மீட்டருக்கு 4 மீட்டர் மரக் கட்டடம், கூரை, சுவர், தரை, உள்ளே ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 6 டன் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் களிமண் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 7 டன் தாங்கும் என்றும், சரளை கலந்த மணல் சுமார் 14 டன் தாங்கும் என்றும் கட்டட விதிகளில் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் முழுக் கட்டடத்துக்கும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான களிமண் பரப்பே போதும். எடையைத் தாங்க மட்டும் என்றால் ஆழம் போக வேண்டிய அவசியமே இல்லை. மேல்மண் ஒரே இடத்தில் சும்மா இருக்காது, அதுதான் சிக்கல். வருஷம் முழுக்க அசையாமல் இருக்கிற மண் கீழே எங்கேயோ இருக்கிறது, அதைத் தொடுவதற்காகத்தான் தோண்டுகிறோம். இது புரிந்துவிட்டால் எவ்வளவு ஆழம், என்ன வடிவம், எங்கே கவனம், எங்கே அலட்சியம் செய்யலாம் என்பதெல்லாம் தன்னால் பிடிபடும்.

மண் ஏன் அசைகிறது? பெரும்பாலும் இரண்டு காரணங்கள், இரண்டிலும் தண்ணீர்தான் ஆள்.

முதலாவது உறைபனி. குளிர்ப் பிரதேசங்களில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் மேலிருந்து கீழாக உறைந்துகொண்டே போகும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், மண் மேலே தூக்குவதற்கு அதுதான் காரணம் என்று தோன்றும். ஆனால் 1930 வாக்கில் ஸ்டீஃபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர், தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீன் ஊறிய மண்ணை உறைய வைத்துப் பார்த்தார். பென்சீன் உறையும்போது சுருங்கக்கூடிய திரவம். அப்படியும் மண் மேலே தூக்கியது. அதாவது இருக்கிற தண்ணீர் பருப்பது இங்கே சின்ன விஷயம். உறைகிற இடம் கீழே இருக்கும் ஈரத்தைத் தன்னை நோக்கி இழுக்கிறது, இழுத்த தண்ணீர் அங்கேயே உறைந்து தகடு தகடாகப் பனிப்படலமாகச் சேர்கிறது, அந்தப் படலம் தடித்துக்கொண்டே போய் மேலே இருக்கும் மண்ணைச் சுமந்துகொண்டு எழும்புகிறது. கீழே ஈரம் இருக்கும் வரை இது நடந்துகொண்டே இருக்கும், அதனால்தான் தரை சில சமயம் பல சென்டிமீட்டர் உயர்கிறது.

இதில் வண்டல்மண்தான் மோசம். அதன் துளைகள் தண்ணீரை மேலே உறிஞ்சும் அளவுக்குச் சிறியவை, ஆனால் தண்ணீர் வேகமாக ஓட முடியாத அளவுக்குச் சிறியவை அல்ல. சுத்தமான சரளையில் இந்த உறிஞ்சலே கிடையாது. களிமண் உறிஞ்சும், ஆனால் மெதுவாக.

இரண்டாவது காரணம் பனியே பார்க்காத வெப்பப் பிரதேசங்களுக்கானது. கரிசல் மாதிரியான களிமண் வகைகளில் இருக்கும் நுண்ணிய தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து உட்கார்ந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் கையை உள்ளே விடுகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல் தரையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். கட்டடம் வந்த பிறகு இன்னொரு வம்பும் சேர்கிறது: கட்டடத்துக்கு நடுவே கீழே இருக்கும் மண் நிழலில் ஈரத்தோடு இருக்கும், ஓரத்து மண் மட்டும் மழையில் நனைந்து வெயிலில் காயும். அதனால் ஓரம் ஒரு பக்கம் ஏறி இறங்க, நடு வேறு மாதிரி இருக்கும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அதன் வேர் ஒரு மூலையின் ஈரத்தை மட்டும் உறிஞ்சிவிடும்.

ஆழம் போகப் போக இந்த ஆட்டம் எல்லாம் குறையும். குளிர் கீழே இறங்க நாளாகும், இறங்குவதற்குள் பருவம் மாறிவிடும். ஈரமும் அப்படித்தான், மேலே வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தாலும் ஓர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் ஈரம் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

எவ்வளவு ஆழம் என்பதற்கு உலகம் முழுக்கப் பொருந்தும் ஒரே எண் கிடையாது. உறைபனி இறங்கும் ஆழம் சில இடங்களில் 30 சென்டிமீட்டர்தான், கடுங்குளிர் இடங்களில் ஒன்றரை, இரண்டு மீட்டர் வரை போகும். அந்தந்த ஊர்க் கட்டட விதிகளில் அந்த எண் இருக்கும், குழியின் அடி அதற்குக் கீழே இருக்க வேண்டும். உப்பும் களிமண்ணில் ஈரம் மாறும் ஆழம் ஒன்றரை மீட்டர் இருக்கலாம், கடுமையான கரிசலில் 3 மீட்டரைத் தாண்டியும் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் கையால் தோண்டும் எண்ணத்தை விட்டுவிட்டு மண் பரிசோதனை செய்பவரை அழைப்பதுதான் புத்திசாலித்தனம். பனியும் இல்லை, கரிசலும் இல்லை, கெட்டியான செம்மண்ணோ சரளையோ என்றால் மக்கிய இலைதழை கலந்த கறுத்த மேல்மண்ணைத் தாண்டி, கலையாத கெட்டி மண்ணில் நன்றாக இறங்கி நின்றால் பெரும்பாலும் போதும். அந்த மாதிரி இடத்தில் 1.2 மீட்டர் தோண்டியே தீருவேன் என்று அடம்பிடிப்பது வீண் உழைப்பு. பெரும்புயல் அடிக்கிற இடம் மட்டும் விலக்கு, அதைப் பிறகு பார்க்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது குழியின் வடிவத்தில்தான். குழியில் கான்கிரீட் ஊற்றித் தூணாக்கி அதன்மேல்தான் கட்டடத்தை நிறுத்துகிறோம், அதனால் குழியின் வடிவமே தூணின் வடிவம். கையால் தோண்டும்போது குழி இயல்பாகவே மேலே அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகலாகவும் வரும், ஏனென்றால் கை வீச்சுக்கு மேலேதான் இடம் இருக்கிறது. கூம்பைத் தலைகீழாக வைத்த இந்த வடிவம்தான் இருப்பதிலேயே மோசமானது. உறைகிற மண்ணோ உப்புகிற களிமண்ணோ கான்கிரீட்டின் பக்கவாட்டைப் பிடித்து மேலே இழுக்கும்போது, சரிந்த பக்கம் அதற்கு நல்ல பிடிமானம் கொடுக்கிறது. உறைந்த மண் ஒரு தூணைப் பக்கவாட்டில் பற்றித் தூக்கும் விசை டன் கணக்கில் வரும், உங்கள் கட்டடம் அந்தத் தூண்மீது வைக்கும் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. யார் ஜெயிப்பார்கள் என்று தெரிகிறது அல்லவா? அடி ஆழத்தில் இருந்தும் மேலே அகன்ற தூண்கள் பிடுங்கிக்கொண்டு எழுவது இதனால்தான்.

அதனால் பக்கங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும், அடியில் மட்டும் கொஞ்சம் அகல வேண்டும். அகன்ற அடிக்கு இரண்டு பலன். ஒன்று, மேலே இழுத்தால் மண்ணுக்குள் மாட்டிக்கொண்டு எழாமல் நிற்கும். இன்னொன்று, எடை பரவும். மேலே சொன்ன 6 டன் கட்டடத்துக்கு மூன்று வரிசையில் மும்மூன்றாக 9 தூண்கள் என்று வைத்துக்கொண்டால், தரைப்பலகையின் பாரத்தில் ஒவ்வொரு மூலைத் தூணுக்கும் பதினாறில் ஒரு பங்கு, பக்கங்களின் நடுவே இருப்பவற்றுக்கு எட்டில் ஒரு பங்கு, நட்டநடுவில் இருக்கும் ஒற்றைத் தூணுக்கு மட்டும் நாலில் ஒரு பங்கு. தரையின் பாரம் 3 டன் என்றால் நடுத்தூணுக்கு 750 கிலோ. சுவர், கூரை பாரம் ஓரத்துத் தூண்களுக்குப் போகும் என்பது உண்மைதான், ஆனாலும் யாருக்கும் தெரியாமல் உள்ளே இருக்கிற நடுத்தூண்தானே என்று அதன் குழியில் கைச்சோம்பல் காட்டக் கூடாது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடியில் அந்த 750 கிலோ உட்கார்ந்தால் சதுர மீட்டருக்குப் பத்து டன்னைத் தாண்டும், களிமண்ணுக்கு அது அதிகம். அடியை 40 சென்டிமீட்டர் ஆக்கினால் 6 டன்னுக்கு இறங்கிவிடும். பத்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

அதற்காக மொத்தக் குழியையும் 40 சென்டிமீட்டரில் தோண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 30 சென்டிமீட்டர் விட்டத்தில் 1.2 மீட்டர் ஆழக் குழியிலிருந்து ஏறக்குறைய 145 கிலோ மண் வெளியே வரும். 40 சென்டிமீட்டராக்கினால் அது 1.8 மடங்காகிவிடும், கான்கிரீட்டும் அதே கணக்கில் கூடும். ஒன்பது குழிக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். குறுகலாகத் தோண்டுவதுதான் உடம்புக்கும் நல்லது, பக்கவாட்டுப் பிடியும் குறையும்.

சரி, தோண்டுவதற்கு முன்பு. தரைக்குக் கீழே மின்கம்பி, தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், கழிவுநீர்த் தொட்டி எதுவும் போகிறதா என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இரும்புக் கடப்பாரையைப் பூமிக்குள் ஓங்கிக் குத்தப்போகிற வேலை இது. "இங்கே ஒன்றும் போகாது" என்று ஊகத்தில் இறங்குவதை என்னால் ஏற்க முடியாது. அரைநாள் தாமதமானாலும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

அடுத்து நூல் கட்டுவது. மூலைகளில் நேரடியாக முளை அடித்தால் குழி தோண்டும்போது அவை போய்விடும், அதனால் முளைகளை ஒரு மீட்டராவது வெளியே தள்ளி அடித்து, நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்கிற இடத்தை மூலையாக எடுத்துக்கொள்வார்கள். 3 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டடத்தில் ஒரு வசதி, மூலைவிட்டம் சரியாக 5 மீட்டர். இரண்டு மூலைவிட்டமும் 5 மீட்டர் வந்தால் மூலைகள் செங்கோணம். வேறு அளவாக இருந்தாலும் இரண்டு மூலைவிட்டமும் சமமாக வருகிற வரை முளையை நகர்த்திக்கொண்டே இருங்கள். அப்புறம் நூல் வெட்டும் இடத்திலிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தரையில் புள்ளி வைத்து, அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு நூலைக் கழற்றிவிடலாம். முளை அங்கேயே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் நூலைத் திரும்பக் கட்டி, குழி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நகரும், எச்சரிக்கிறேன். கல் ஒன்று தட்டுப்பட்டால் குழி அதை விட்டு ஒதுங்கப் பார்க்கும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். நல்ல கனமான கடப்பாரை ஒன்று, முன்பக்கம் குறுகிய நீளப்பிடி மண்வெட்டி ஒன்று, அப்புறம் இரண்டு நீளப் பிடிகளும் நுனியில் எதிரெதிராக வளைந்த இரண்டு தகடுகளும் கொண்ட குழிவெட்டி ஒன்று. கல் இல்லாத மண் என்றால் கையால் திருகும் ஆகரும் (திருகு வடிவத் துளைக்கருவி) நன்றாக வேலை செய்யும், ஆனால் கல் பட்டால் அது சும்மா சுற்றும், அவ்வளவுதான். இவற்றில் எதற்குச் செலவழிக்கலாம் என்று கேட்டால் கடப்பாரை என்பேன். மண்ணைத் தளர்த்துவது கடப்பாரையின் வேலை, தளர்ந்ததை அள்ளுவது குழிவெட்டியின் வேலை, இந்த வேலைப் பிரிவினையை மறந்து குழிவெட்டியாலேயே கெட்டி மண்ணை ஓங்கி ஓங்கிக் குத்துகிறவர்களுக்கு மணிக்கட்டும் தோளும் அன்றைக்கே பேசும்.

முதல் ஒரு சாண் மேல்மண்ணைத் தனியாக எடுத்துத் தனியாகவே குவியுங்கள், அது செடிகளுக்கு உதவும், அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் திரும்பப் போகவே கூடாது. மற்ற மண்ணை ஒரு தார்ப்பாயில் கொட்டினால் பிறகு வாருவது சுலபம். எப்படியும் குவியல் குழி விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். விளிம்பிலேயே கொட்டினால் அந்தப் பாரம் விளிம்பை உடைக்கும், கொட்டியதில் கால்வாசி திரும்ப உள்ளேயும் விழும்.

கடப்பாரையைக் குழியின் நடுவில் குத்தித் தொடங்க வேண்டும் என்றுதான் கை துடிக்கும். ஓரத்தில் தொடங்கிப் பாருங்கள். வட்டத்தின் விளிம்பை ஒட்டி, கடப்பாரையைச் செங்குத்தாகப் பிடித்து, விரலளவு தள்ளித் தள்ளிக் குத்திக்கொண்டே ஒரு சுற்று வந்தால் பக்கச்சுவர் நேராக வெட்டப்பட்டுவிடும். அதற்குப் பிறகு நடுவில் ஒரு குத்துக் குத்தி நெம்பினால் மண் ஓரத்து வெட்டை நோக்கிக் கட்டியாக உடைந்து விழும். அள்ளுங்கள். மறுபடி ஓரம், மறுபடி நடு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கினால் நல்ல வேகம். கடப்பாரையை விசையோடு இறக்க வேண்டாம், தூக்கி நேராக விட்டாலே அதன் கனம் வேலையைச் செய்யும், உங்கள் கை திசையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். தேவையான ஆழத்தைக் கடப்பாரையிலேயே ஒரு வண்ண டேப் சுற்றிக் குறித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அளவுநாடாவைத் தேட வேண்டியதில்லை.

குழிவெட்டியில் ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதன் பிடிகளை விரித்தால்தான் கீழே தகடுகள் மூடி மண்ணைக் கவ்வும். குழி முக்கால் மீட்டரைத் தாண்டி இறங்கியதும், விரிகிற பிடிகள் குழியின் வாயில் இரண்டு பக்கமும் இடிக்க ஆரம்பிக்கும். இடிக்க இடிக்க வாய் அகலமாகும், அதாவது எந்த வடிவம் வரக்கூடாது என்று மேலே சொன்னேனோ அதே தலைகீழ்க் கூம்பு வரத் தொடங்கும். அந்த ஆழத்துக்கு வந்ததும் குழிவெட்டியை வைத்துவிட்டு வேறு வழிக்கு மாறுங்கள். ஆகர் இருந்தால் அது. இல்லாவிட்டால் ஒரு பழைய தகர டப்பாவின் அடிப்பக்கத்தை நீளக் கம்பு ஒன்றில் குறுக்காக, அகப்பை போல வருகிற மாதிரி ஆணியடித்துக்கொள்ளுங்கள். கடப்பாரையால் தளர்த்திய மண்ணை அதால் வழித்து வழித்து எடுக்கலாம். மெதுவான வேலைதான், ஆனால் கடைசி அரை மீட்டருக்கு இதைவிட ஒழுங்கான வழி எனக்குத் தெரியவில்லை.

களிமண் காய்ந்து கல்லாகக் கிடந்தால் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் வாருங்கள். ஆனால் இதை அடியை நெருங்கும் வரைதான் செய்யலாம், கடைசி ஒரு சாணுக்குத் தண்ணீர் ஆகாது, காரணம் கீழே வருகிறது. தகட்டில் ஒட்டிக்கொண்டு விழாத களிமண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து ஒவ்வொரு முறையும் தகட்டை நனைத்துக்கொண்டால் வழுக்கி விழும்.

கல் வந்தால் முதலில் அதன் ஓரம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். சுற்றிக் குத்திப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும், கல்லில் பட்டால் கணீர் என்றும் மண்ணில் பட்டால் மொத்தென்றும் கேட்கும். ஓரம் தெரிந்தால் கீழே கடப்பாரையைச் செருகி நெம்பித் தளர்த்தலாம். தலையளவுக் கல் என்றால் குழியை அகலமாக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும், எடுத்த பிறகு அந்தப் பக்கத்துப் பள்ளம் கான்கிரீட்டைக் குடிக்கும் என்பதால் வார்ப்புக் குழாய் (கான்கிரீட்டை உள்ளே ஊற்றும் உருளைக் கூடு) வைத்து வார்ப்பது நல்லது. எந்தப் பக்கம் குத்தினாலும் கணீர் என்றே கேட்டால் அது பாறையாக இருக்கலாம். வருத்தப்பட வேண்டாம். அசையாத பாறையைவிட நல்ல அடி கிடையாது, அதிலேயே துளையிட்டுக் கம்பி நட்டுத் தூணை நிறுத்தலாம், ஆனால் அது பாறைதானா, இல்லை பெரிய உருண்டைக் கல்லா என்று அரை மீட்டர் தள்ளி இன்னோர் இடத்தில் குத்தி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மணல் வேறு மாதிரி தொல்லை. தோண்டுவது லேசு, நிற்காது. பக்கச்சுவர் சரிந்துகொண்டே இருக்கும். வார்ப்புக் குழாயையோ அடியில்லாத பீப்பாயையோ முதலிலேயே வைத்து, அதன் உள்ளே மண்ணை அள்ள அள்ளக் குழாய் தானாகக் கீழே இறங்கும்படி செய்வதுதான் வழி. குழியில் தண்ணீர் ஊறினால் நிலத்தடி நீர் மட்டத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், இறைத்துப் பாருங்கள், இறைக்க இறைக்க வந்தால் வறண்ட பருவம் வரும்வரை தள்ளிப்போடுவதே மேல்.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். குழிக்குள் இறங்காதீர்கள். குனிந்து தலையை உள்ளே விட்டு மண் அள்ளவும் வேண்டாம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் கனக்கும், மார்பளவு மண் சரிந்து அமுக்கினால் தலை வெளியே இருந்தாலும் மூச்சை உள்ளே இழுக்க மார்பு விரியாது. மனிதர் இறங்கி வேலை செய்யும் பள்ளங்களுக்கு அமெரிக்காவில் 1.5 மீட்டரிலிருந்து பக்கச்சுவர்ப் பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம், ஆனால் அதைவிட ஆழம் குறைந்த பள்ளங்களிலும் மண் சரிந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். குறுகிய குழி தோண்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், ஆள் இறங்க முடியாத குழியில் ஆள் மாட்டிக்கொள்ளவும் மாட்டார். வேலையை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், சாப்பிடப் போனாலும், தடித்த பலகையைப் போட்டு அதன்மேல் கல்லை வைத்து மூடுங்கள். 30 சென்டிமீட்டர் வாய் ஒரு குழந்தைக்குத் தாராளமாகப் போதும்.

உடம்பையும் கொஞ்சம் பாருங்கள். தொடர்ந்து ஒரே குழியில் நிற்காமல் இரண்டு குழிகளை மாற்றி மாற்றி எடுத்தால், ஒன்றில் கடப்பாரை, மற்றொன்றில் அள்ளுவது என்று தசைகளுக்கு மாற்றம் கிடைக்கும். மண்ணைத் தூக்கியபடி இடுப்பைத் திருப்பக் கூடாது, காலை எடுத்து வைத்து முழு உடம்பையும் திருப்புங்கள்.

ஆழம் வந்துவிட்டது. இங்கேதான் எல்லோருக்கும் அவசரம் வரும், இங்கேதான் அவசரப்படவே கூடாது. அடியில் கிடக்கும் தளர்ந்த மண் முழுவதையும் வழித்தெடுங்கள். ஐந்து சென்டிமீட்டர் உதிரி மண் அடியில் தங்கினாலும் அது கான்கிரீட்டுக்குக் கீழே மெத்தை விரித்த மாதிரிதான், பாரம் ஏறியதும் அமுங்கும், அதுவும் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வோர் அளவு அமுங்கும். எல்லாத் தூணும் ஒரே அளவு இறங்கினால் கட்டடத்துக்குத் தெரியாது, ஒன்று மட்டும் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கதவுக்குத் தெரிந்துவிடும். தவறி அதிக ஆழம் போய்விட்டால் தோண்டிய மண்ணைத் திரும்பப் போட்டு மிதித்துச் சரிக்கட்ட வேண்டாம், அந்த இடத்தையும் கான்கிரீட்டே நிரப்பட்டும்.

அடியைச் சோதிக்க ஒரு 12 மில்லிமீட்டர் கம்பி போதும். குழிக்குள் விட்டு உடம்பின் பாரத்தால் அழுத்துங்கள். சட்டென்று நின்றால் நல்ல மண், வெண்ணெயில் இறங்குவது போலப் போனால் இன்னும் கீழே போக வேண்டும். ஒன்பது குழியிலும் இதைச் செய்து பார்க்கும்போது ஒன்று மட்டும் வேறு மாதிரி பேசினால் அதை நம்புங்கள். அங்கே முன்பு எப்போதோ பள்ளம் இருந்து மூடியிருக்கலாம், மரத்தின் வேர் மக்கிப்போயிருக்கலாம். இயந்திரத்தில் துளைத்தால் இந்தத் தகவல் எல்லாம் கைக்கு வராமலே போய்விடும், கையால் தோண்டுவதில் எனக்குப் பிடித்தது இதுதான். ஒவ்வொரு குழியிலும் மண் எந்த ஆழத்தில் நிறம் மாறியது, எங்கே கெட்டிப்பட்டது, எங்கே ஈரம் தட்டியது என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும்.

அடி கெட்டி என்று உறுதியான பிறகு, கடைசி 25 சென்டிமீட்டரில் கடப்பாரையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துச் சுற்றிலும் சீவி, அடியை 40 அல்லது 45 சென்டிமீட்டருக்கு அகலப்படுத்துங்கள். களிமண்ணிலும் கெட்டிச் செம்மண்ணிலும் இது நிற்கும், மணலில் நிற்காது. அகலப்படுத்தியதும் மறுபடி ஒருமுறை வழிக்க வேண்டும்.

இப்படித் தயாரான அடியை மழைக்குத் திறந்து போடக் கூடாது. நீர் தேங்கினால் மேல் ஐந்து சென்டிமீட்டர் சேறாகும், நாள்பட்டால் இன்னும் கீழே இளகும். முடிந்தால் கடைசிச் சீவலையும் கான்கிரீட்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மழை முந்திக்கொண்டால் தண்ணீரை இறைத்து, இளகிய மண்ணைச் சீவி எறிந்துவிட்டு, கெட்டி மண் தெரிந்த பிறகுதான் கான்கிரீட்.

கான்கிரீட் பற்றிக் கொஞ்சம் மட்டும். 9 குழிக்கும் அகன்ற அடியையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கன மீட்டர் பிடிக்கும், சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை என்றால் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஆறு, ஏழு வேண்டியிருக்கும். நடுவே நெடுக்காகக் கம்பிகள் கட்டாயம், ஏனென்றால் மேல்பகுதியை மண் மேலே இழுக்கும்போது அகன்ற அடி கீழே பிடித்துக்கொள்கிறது, கம்பி இல்லாத கான்கிரீட் இழுவிசையில் நடுவே முறிந்துபோகும். கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 7.5 சென்டிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் புகுந்து துரு ஏறும். குழியின் மேல்பாதியிலாவது வழவழப்பான வார்ப்புக் குழாய் வைத்து ஊற்றினால் உறையும் மண்ணுக்குப் பிடி கிடைக்காது. ஊற்றும்போது குச்சியால் குத்திக் காற்றை வெளியேற்றி, வாய்ப்பக்கம் வழிந்து காளான் குடை மாதிரி பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குடையும் மண்ணுக்குப் பிடிதான். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு வைத்தால் நல்ல பலம் வரும், முழுப் பலத்துக்கு 28 நாள் கணக்கு.

தூண்களின் தலை எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், தரை சரிந்திருந்தாலும். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற நீளப் பிளாஸ்டிக் டியூப் ஒன்று இதற்குப் போதும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஆழத்தை மட்டும் அப்படி அளக்கக் கூடாது, ஒவ்வொரு குழியிலும் அந்தந்த இடத்துத் தரையிலிருந்து, சரிவு இருந்தால் தாழ்ந்த பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். குளிரும் ஈரமும் தரையிலிருந்துதான் இறங்குகின்றன, உங்கள் நூலிலிருந்து இறங்குவதில்லை.

தலையைத் தரைக்கு மேலே 15, 20 சென்டிமீட்டர் தூக்கி நிறுத்துங்கள். மரத்தை நேரடியாகக் குழியில் நட்டு மண் போட்டு மூடினால் முதலில் உளுத்துப்போவது தரையை ஒட்டிய இடம்தான், மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும், அங்கே இரண்டும் கிடைக்கும். வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைத் தாங்கும் மரத்தூண்கள் நூற்றாண்டுகளாக நிற்பது, காற்று எட்டாத சேற்றில் முழுக்க மூழ்கியிருப்பதால். நமக்கு அந்த வசதி இல்லை. கான்கிரீட்டின் மேல் இரும்புக் கால் பொருத்தி, மரம் அதில் ஓர் அங்குலம் தூக்கி உட்காரட்டும், கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

அந்த இரும்புக் காலைக் கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே பதிக்கும் போல்ட்டால் இறுக்க வேண்டும். மரக் கட்டடத்தைக் காற்று தள்ளுவது மட்டுமில்லை, கூரையைப் பிடித்து மேலேயும் தூக்கும், லேசான கட்டடத்தில் அந்தத் தூக்கல் கட்டடத்தின் எடையையே மிஞ்சலாம். அப்போது தூணின் எடையும், அகன்ற அடியின் மேலே உட்கார்ந்திருக்கும் மண்ணும்தான் கட்டடத்தைப் பிடித்துவைக்கின்றன. புயல் பூமியில் கெட்டி மண் சீக்கிரமே கிடைத்தாலும் ஆழத்தைக் குறைக்க வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

மிச்ச மண் ஒரு டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கும். குழாய் வைத்த இடங்களில் சுற்றியுள்ள இடைவெளியில் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு 15 சென்டிமீட்டருக்கும் நன்றாக இடித்து நிரப்புங்கள். மீதியைக் கட்டடத்துக்கு அடியில் பரப்பி, நடுவிலிருந்து வெளியே வாட்டமாகச் சரித்துவிட்டால் மழைத்தண்ணீர் தூண்களைச் சுற்றித் தேங்காமல் ஓடிவிடும்.